எவர்சில்வர் டப்பாவின் தலைமுடி

ஆற்றோரத்திலிருந்து லாரியில் அள்ளிக்கொண்டு வரப்பட்டு, சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி மூடி எழுப்பிய இந்த அடுக்குமாடிகளில் இறக்கிவிடப்பட்ட எங்களுக்கு, சாமான்களில் முடி முளைத்தது பெரிய அதிசயமாகப் படவில்லை. லிஃப்ட் ஒரு நாள் ஓடியிருந்தால் அதைத்தான் அதிசயம் என்று சொல்லியிருப்போம். ஆடி மாதத்தில் ஒரு காலை, நாலாவது மாடி கிரிஜா குளிக்கப் போனபோது பச்சை பிளாஸ்டிக் பக்கெட்டின் விளிம்பைச் சுற்றி விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஏதோ வளர்ந்திருந்தது. பாசிதான் பிடித்துவிட்டது என்று நினைத்து நாரை எடுத்துத் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்கத் தன் மண்டையில் யாரோ முடியைப் பிடித்து இழுப்பதுபோல வலி கண்டு, நாரைக் கீழே போட்டுவிட்டு பக்கெட்டோடு வராண்டாவுக்கு வந்தாள். அதற்குள் எதிர்வீட்டில் முறத்தோடு ஒருத்தியும், கடைசி வீட்டில் குடத்தோடு ஒருத்தியும், மேல்மாடியில் இடியாப்பத் தட்டோடு ஒருத்தியும் வெளியே வந்து நின்றிருந்தார்கள்.

முடிக்கும் சாமானுக்கும் எங்களிடம் பழைய சொந்தம் உண்டு. தலை வாரும்போது சீப்போடு வருகிற முடியை எங்கள் பெண்கள் கண்ட இடத்தில் போடமாட்டார்கள். விரலில் சுற்றிச் சுருட்டி, தூ தூ என்று துப்பி, ஜன்னல் கம்பியில் தொங்கும் பாலிதீன் கவருக்குள் திணித்து வைப்பார்கள். கவர் உப்புகிற சமயம் பார்த்து முடிக்காரர் தன் மொபெட்டில் சாமான்களை மலையாகக் கட்டிக்கொண்டு வந்து, கீழே நின்று "சிக்குமுடி, தலைமுடி" என்று கூவுவார். கவரை வாங்கி ஒரு குலுக்கு குலுக்கிப் பார்த்துவிட்டு, பின்னூசியிலிருந்து பக்கெட் வரை முடிக்குத் தகுந்த மாதிரி ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார். புருஷன் சம்பளம் எந்தக் கடையில் கரைகிறது என்று கேட்க வாய் இல்லாதவள்கூட அந்தச் சாமானைத் தைரியமாக வாங்குவாள், ஏனென்றால் அது அவள் தலையில் விளைந்தது, அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆறு பொங்கிய ஒவ்வொரு தடவையும் வீட்டில் இருந்த அத்தனையும் கையை விட்டுப் போன ஜனங்கள் நாங்கள். ஒன்று போதும் என்கிற இடத்தில் நாலு இல்லாவிட்டால் எங்களுக்குப் பயம் வந்துவிடும். அரசாங்கம் கொடுத்த ஒற்றை அறைக்குள் பக்கெட் மேல் பக்கெட்டும் குடத்தின் மேல் குடமும் அன்னக்கூடைக்குள் அன்னக்கூடையுமாக உத்தரம் வரைக்கும் அடுக்கிவிட்டு, மனுஷர்கள் கிடைத்த இடுக்கில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டோம். முடி முளைத்தது அந்தச் சாமான்களில்தான். காசு கொடுத்து வாங்கியதில் ஒரு ரோமம்கூட வரவில்லை. முடியைக் கொடுத்து வாங்கியதில் மட்டும் வந்தது, அதுவும் கொடுத்தவளின் முடியே வந்தது.

ஏன் வந்தது என்று ஆராய்ச்சி பண்ணியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று விட்டுவிட்டோம். எங்களுக்கு இருந்த வேலையே தலைக்கு மேல் இருந்தது. ரெண்டாவது மாடியில் ஒருத்தி வருஷக்கணக்காக "என் குடம், என் குடம்" என்று சாதித்துக்கொண்டிருந்த நீலக் குடத்தில், பக்கத்து வீட்டு அலமேலுவின் சுருட்டை முடி கொத்துக் கொத்தாக வந்து நின்றபோது, அலமேலு நேராக வந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். தண்ணி லாரி வரிசையில் குடங்கள் ரெட்டைச் சடை போட்டுக்கொண்டும் கொண்டை போட்டுக்கொண்டும் உட்கார்ந்திருந்தன. லாரிக்காரர் முதல் நாள் முகத்தைச் சுளித்தார், அடுத்த நாளே "அந்த ரிப்பன் கட்ன கொடத்த முன்னாடி தள்ளும்மா" என்று கூப்பிடப் பழகிவிட்டார். முடிக்காரர் மட்டும் சேதி கேள்விப்பட்டு, அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வண்டியைத் திருப்பவே இல்லை.

போகப்போகத்தான் அதன் போக்கு பிடிபட்டது. சாமானில் உள்ள முடியை எண்ணெய் காட்டாமல் சிக்குப் பிடிக்க விட்டால், எந்தத் தலையிலிருந்து அது வந்ததோ அந்தத் தலைக்குத் தூக்கம் கிடையாது. கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்து, மண்டை குடைந்து, சோறு இறங்காமல் கிடப்பாள். அலசி எண்ணெய் வைத்து வாரிவிட்டால், அந்த நிமிஷமே எங்கே இருந்தாலும் அவளுக்குக் கண்ணைச் சொக்கும். துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண்ணுக்கு மத்தியானம் நின்ற இடத்திலேயே கண் சொருகினால், வீட்டில் அம்மா அவளுடைய சோப்பு டப்பாவுக்கு எண்ணெய் வைக்கிறாள் என்று அர்த்தம்.

ஆனால் எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் எங்கே போவது? ஜமால் பாய் கடையில் தோரணமாகத் தொங்குகிற ஷாம்பு பாக்கெட் ஒரு தலைக்கே பத்தாது, இங்கே ஒரு வீட்டுக்கு இருபது தலை ஆகிவிட்டது. ஒரு பாக்கெட்டை மக்குத் தண்ணீரில் கரைத்து மாடி முழுக்கப் பங்கு போட்டுப் பார்த்தோம், நுரையைத் தேட வேண்டியிருந்தது. பிறகு பெண்கள் மொட்டை மாடியில் கூடி யோசித்து, அவரவருக்கு ஞாபகம் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து சேர்த்தார்கள். அரிசி கழுவிய தண்ணீரை அன்றே கொட்டாமல் ஒரு நாள் புளிக்க வைத்து அலசினார்கள், வடித்த கஞ்சியில் சீயக்காயைக் குழைத்தார்கள், வெந்தயத்தை ஊற வைத்து அரைத்தார்கள், ரேஷன் கடைக் காம்பவுண்டில் கேட்பாரில்லாமல் நின்ற செம்பருத்தியை இலை பாக்கி வைக்காமல் மொட்டையடித்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் மொட்டை மாடி நிறையப் பக்கெட்டும் குடமும் முறமும் தலை குளித்துவிட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன, நடுவில் கால் வைக்க இடம் இல்லாமல் பெண்கள் சீப்போடு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனபோதுதான், இத்தனை எதற்கு என்கிற கேள்வி எங்கள் மாடிகளில் முதன்முதலாக எழுந்தது. தூக்கிப் போட முடியவில்லை. சதுப்பில் போய்ப் போட்டுவிட்டு வந்த ஒருத்திக்குத் தலை ஈரம் காயவே இல்லை, சளி பிடித்து நெஞ்சைக் கட்டிக்கொண்டது, போட்டதையெல்லாம் முழங்கால் சேற்றில் இறங்கித் தேடி எடுத்து வந்தாள். சாமான் இல்லாதவளுக்குக் கொடுத்து, அவள் அதைத் தன்னுடையது மாதிரி வாரி வைத்துக்கொண்டால் மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை. எனவே கொடுக்க ஆரம்பித்தோம். முதலில் வேண்டாத சாமானைக் கொடுத்தோம், பிறகு வேண்டிய சாமானையும் கொடுத்தோம். அக்கம்பக்கத்து ஊர்களில் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஆள் தேடித் தேடிக் கொடுத்து, கடைசியில் ஒரு மாடிக்கு நாலு பக்கெட், ரெண்டு முறம், ஒரு அன்னக்கூடை என்று பொதுவில் நின்றது.

வீடு காலியானதும் சந்தோஷம் வரும் என்று சொன்னவர்கள் ஆற்றோரத்தில் இருந்ததில்லை. காலை நீட்டிப் படுத்தோம், அது உண்மைதான், ஆனால் பேசினால் பேச்சு சுவரில் மோதித் திரும்பி வந்தது. அதுவரை சாமான் அடைத்துக்கொண்டிருந்த இடமெல்லாம் வெறிச்சென்று தெரியத் தெரிய, வீட்டில் யார் இல்லை என்பதும் கூடவே தெரிய ஆரம்பித்தது. குடித்துச் செத்துப்போன அப்பாக்களும், வேறு ஒருத்தியோடு போய்விட்ட புருஷன்களும், வேலைக்குப் போன இடத்திலிருந்து திரும்பாத பிள்ளைகளும், பக்கெட்டுகள் இருந்த மூலையில் ஆளுக்கு ஒரு இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டார்கள்.

கிரிஜாவின் பக்கத்து வீட்டு சுலோச்சனா அப்படிப்பட்ட மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். புருஷன் இல்லை. ஒரே மகள் தேன்மொழி, பத்தொன்பது வயதில் ஏஜெண்ட் ஒருவன் பேச்சைக் கேட்டு மேற்கே எங்கோ ஒரு நூல் கம்பெனிக்கு வேனில் ஏறிப் போனாள். கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய போனிலிருந்தோ பேசினாள், பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தது. சுலோச்சனா வளையலை அடகு வைத்துப் போய்ப் பார்த்தாள், அந்தப் பெண் வேறு பெண்களோடு வேறு இடத்துக்குப் போய்விட்டாள் என்று கேட்டிலேயே சொல்லி அனுப்பினார்கள். எந்த இடம் என்று சொல்ல ஆள் இல்லை. வருஷம் ரெண்டு ஓடிவிட்டது. செத்தாளா இருக்கிறாளா என்று தெரியாத ஒரு பிள்ளைக்குச் சாமியும் கும்பிட முடியாது, படமும் மாட்ட முடியாது. அவளைப் பார்த்து என்ன பேசுவதென்று தெரியாமல் நாங்கள் தண்ணி லாரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அவள் வீட்டில் முடிக்கு வாங்கிய சாமான் ஒன்றே ஒன்று, மூடி போட்ட ஒரு எவர்சில்வர் டப்பா. வேலைக்குப் போகும்போது சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம் என்று தேன்மொழி ஆசைப்பட்டு வாங்கியது. கம்பெனியிலேயே சோறு போடுவார்கள் என்று ஏஜெண்ட் சொன்னதால் விட்டுவிட்டுப் போனாள். மற்ற வீடுகளில் முடி வந்த அன்றைக்கே அந்த டப்பாவின் மூடியைச் சுற்றியும் அடர்த்தியாக, கன்னங்கரேலென்று முடி வந்து நின்றது. அதற்கு ரெண்டு நாள் கழித்து முதல் மாடியில் படுத்த படுக்கையாக இருந்த முனியம்மா இறந்துபோக, அவளை வெளியே எடுப்பதற்கு முன்னாலேயே அவளுடைய முறத்திலிருந்த நரைமுடி மொத்தமும் கழன்று தரையில் விழுந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. தலை இருக்கும் வரைக்கும்தான் முடி இருக்கும்.

முனியம்மா வீட்டுப் படியில் எழவுக்கு உட்கார்ந்திருந்த சுலோச்சனா, பாதியில் எழுந்து மாடி ஏறி, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"கிரிஜா, இத்தப் பாரு. உயுரோட கீறாடி என் பொண்ணு."

எழவு வீடு என்றும் பாராமல் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். முனியம்மாவுக்காக அழுதவர்கள் தேன்மொழிக்காகச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே மறுபடியும் அழுதார்கள். முனியம்மாவின் மகனுக்கே கோபம் வரவில்லை. "எங்கம்மா போறப்ப ஒரு நல்ல சேதி சொல்லிட்டுப் போச்சு" என்றான்.

அதன்பிறகு சுலோச்சனாவின் வீட்டில் அந்த டப்பாவைத் தவிர வேறு எதுவும் தங்கவில்லை. எங்களைப் போல இடுப்பு வலிக்காக அவள் சாமானைக் கொடுக்கவில்லை. ஃபேனைக் கொடுத்து மரச்செக்கு எண்ணெய் வாங்கினாள், கட்டிலைக் கொடுத்துச் சீயக்காயும் பூலாங்கிழங்கும் வாங்கி மெஷினில் கொடுத்து அரைத்துக்கொண்டாள், டிவி போயிற்று, குக்கர் போயிற்று, கல்யாணத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்த ரெண்டு பட்டுப்புடவையும் போயிற்று. ஒரு பாய், ஒரு சட்டி, ஒரு தட்டு, ரெண்டு புடவை, ஒரு சீப்பு, அந்த டப்பா. காலையில் எண்ணெயை வெயிலில் வைத்துச் சுட வைத்து, விரல் நுனியால் மூடியைச் சுற்றித் தேய்த்து, சிக்கெடுத்து, பின்னி, கனகாம்பரமோ கதம்பமோ கிடைத்ததை வைத்துவிட்டுத்தான் வீட்டு வேலைக்குக் கிளம்புவாள். பின்னும்போது அதனோடு பேசுவாள். "ஆடாம குந்து" என்பாள்.

எங்களுக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருந்தது. மகள் பக்கத்தில் இருந்தும் தலை வாரிவிட விடாத வீடுகள் எங்களில் எத்தனையோ. அதைவிட, சுலோச்சனாவின் முகமே தெளிந்துவிட்டது. ரெண்டு வருஷமாகக் கண் மூடாமல் வராண்டாவில் நடந்துகொண்டிருந்தவள், இப்போது டப்பாவைப் பின்னிப் பூ வைத்ததும் சுவரில் சாய்ந்தபடியே அசந்து போவாள். வேலை பார்க்கிற வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே தூங்கிப்போய், அந்த வீட்டம்மா தட்டி எழுப்பியிருக்கிறாள். மனசு ஆறினால் தூக்கம் வரத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டோம்.

முதல் நரை தை மாதத்தில் வந்தது. டப்பாவின் கறுப்பு முடிக்கு நடுவே வெள்ளையாக ஒன்று. சுலோச்சனா அதைப் பிடுங்கிப் போட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று. "கம்பெனித் தண்ணி உப்புத் தண்ணியா இருக்கும், அதான் நரைக்குது" என்றாள், நாங்களும் ஆமாம் போட்டோம். பங்குனி பிறந்தபோது ஜமால் பாய் கடையில் ஹேர் டை பாக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். தன் தலையில் காதோரம் நரைத்திருந்ததை அவள் தொடவில்லை, டப்பாவுக்கு மட்டும் பூசிக் காய வைத்தாள். மொட்டை மாடியில் இருந்த அத்தனை பெண்களும் அதைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் வாயை அடக்கத் தெரியாதவர்கள் நிறைய உண்டு, ஆனாலும் அன்றைக்கு ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

தாய்க்கும் மகளுக்கும் அந்த வீட்டில் ஒரே சீப்பு. ஜன்னலில் தொங்கியதும் ஒரே கவர். வாரிய முடி யாருடையது என்று பிரித்து வைக்கிற வழக்கம் எந்த வீட்டில்தான் உண்டு? முடிக்காரருக்குத் தேவை கவர் உப்ப வேண்டும் என்பதுதான். ஜாடையிலும் முடியிலும் அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்று தேன்மொழியைச் சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொல்லிச் சொல்லி, அது அவளுக்கே அலுத்துப்போன பேச்சு.

வாயைத் திறந்தவள் கிரிஜாதான். அவளும் சும்மா திறக்கவில்லை. சுலோச்சனா ஒரு நாள் தன் கடைசிச் சட்டியையும் கொடுத்து எண்ணெய் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினாள். ஏற்கெனவே ஒரு வேளைச் சோற்றில் இருந்தவள், ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போயிருந்தாள். கிரிஜா குறுக்கே நின்று சட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சோறாக்கறதுக்கு இன்னாக்கா பண்ணுவ? மண்ணத் துண்ணுவியா?"

"நீ ஆக்கறதுல ஒரு கவளம் குட்த்தா வேணாங்கப் போறேனா. வுடுடி. புள்ளத் தலை காய்ஞ்சு கெடக்குது."

"அது காயலக்கா. நல்லா எண்ணெ சொட்டிகினு கீது." கிரிஜா சட்டியை இடுப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். குரல் தானாக இறங்கியது. "நான் ஒன்னு கேக்கறேன், என்னை செருப்பால அடி, பரவால்ல. யார் முடிக்கு எண்ணெ வெக்கறமோ அவங்களுக்குத்தானக்கா தூக்கம் வரும்?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"நீ நல்லா தூங்கறியேக்கா."

சுலோச்சனா வராண்டாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். கிரிஜாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சட்டியை அவள் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கிரிஜா கெட்டவள் இல்லை. அந்த மாடியில் சுலோச்சனாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவளே அவள்தான்.

தெரிந்துகொள்ள வழி இருந்தது. எல்லோருக்கும் அந்த வழி தெரியும். அலமேலுவின் மாமியார் மலைக்குப் போய் முடி இறக்கியபோது, இங்கே அவளுடைய குடமும் அதே நேரத்தில் மொட்டையானது. சுலோச்சனா தன் தலையை மழித்துக்கொண்டால் போதும். டப்பாவில் முடி நின்றால் அது மகளுடையது. டப்பாவும் மொட்டையானால், இத்தனை நாளாக அங்கே இருந்தது தாயின் முடி மட்டும்தான், மகளின் முடி எப்போதோ உதிர்ந்துவிட்டது என்று ஆகும். ஒரு வாரம் அவள் வேலைக்குப் போகவில்லை. டப்பாவுக்குப் பூ வைத்தாள், வைத்துவிட்டு, தூக்கம் வந்துவிடக் கூடாது என்று கண்ணில் தண்ணீரை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியும் தூங்கிப்போனாள். தூங்கி எழுந்த முகத்தோடு அவள் வெளியே வருவதைப் பார்க்க எங்களுக்குத் தாங்கவில்லை.

சித்திரையில் ஒரு புதன்கிழமை, பத்து மணி வெயிலில், டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் போட்டு சலூன் வைத்திருந்த தட்சிணாமூர்த்தி, யாருக்கோ மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் கத்தியை மடக்கினார்.

"மொட்ட அடிச்சு வுடுண்ணே."

"கோயில்ல போய் எறக்கிக்கம்மா. பொம்பளத் தலைல நான் கத்தி வெச்சதில்ல."

"சாமிக்கு இல்லண்ணே. எனக்கு."

அவர் கிரிஜாவைப் பார்த்தார். கிரிஜா அதற்குள் ஓடி வந்திருந்தாள், பின்னாலேயே எல்லா மாடியும் இறங்கி வந்திருந்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்வதற்கு எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது. சுலோச்சனா நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து, டப்பாவின் பின்னலையும் அவிழ்த்துப் பூவை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். டப்பாவை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

தட்சிணாமூர்த்தி தண்ணீர் தெளித்து, கும்பிட்டுவிட்டு, உச்சியில் கத்தியை வைத்து முன்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தார். நரையும் கறுப்புமாக ஒரு கற்றை அவள் தோளில் விழுந்தது. அதே நேரத்தில் மடியில் இருந்த டப்பாவிலிருந்தும், டை பூசிய ஒரு கற்றை கழன்று அவள் விரல்களுக்கு மேல் விழுந்தது. அவர் நிறுத்தினார்.

"போடுண்ணே" என்றாள் சுலோச்சனா.

அவர் போட்டார். தலையில் ஒரு இழுப்பு, டப்பாவில் ஒரு கற்றை. இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு கற்றை. கத்தி போகிற போக்கில் எவர்சில்வர் வெளியே தெரிந்து வெயிலில் பளபளக்க ஆரம்பித்தது. எண்ணெய் காட்டிக் காட்டி, சிக்கெடுத்துச் சிக்கெடுத்து, ஃபேனையும் கட்டிலையும் பட்டுப்புடவையையும் கரைத்து வளர்த்த முடி அவள் மடியிலும் காலடியிலும் குவிந்துகொண்டே போயிற்று, அலமேலு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கிரிஜா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள், சுலோச்சனா மட்டும் கண் சிமிட்டாமல் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடரியில் கடைசி முடியையும் வழித்துவிட்டுத் தட்சிணாமூர்த்தி கத்தியைக் கீழே வைத்தார்.

டப்பாவில் ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சுலோச்சனா குவிந்து கிடந்த முடியை ஒதுக்கிவிட்டு, டப்பாவை மெதுவாகத் திருப்பினாள். மூடிக்கு அடியில், விளிம்பு மடங்குகிற இடத்தில், அத்தனை அடர்த்திக்கும் கீழே இதுவரை கண்ணுக்கே படாமல், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கொத்து ஒட்டிக்கொண்டிருந்தது. செம்பட்டை பாய்ந்து, வறண்டு, பஞ்சுத் தூசி ஏறி, நார் மாதிரி திரிதிரியாகச் சிக்குப் பிடித்து, கத்தரி கிடைக்காமல் எதையோ வைத்து அறுத்ததுபோல மேலும் கீழுமாக நின்றது. அதில் பேன் ஊர்ந்தது.

தட்சிணாமூர்த்தி கத்தியின் முதுகால் அதை லேசாகத் தொட்டுப் பார்த்தார். "இது வுழாதும்மா" என்றார். "வேர் கீது."

கூட்டம் அப்படியே கரைபுரண்டது. அலமேலு ஓடி வந்து சுலோச்சனாவின் மழித்த தலையை மாரோடு சேர்த்துக்கொண்டாள். "கீறாக்கா, கீறா, உன் பொண்ணு எங்கியோ கீறா" என்று கிரிஜா தரையிலிருந்து எழுந்திருக்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். ஜமால் பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, எண்ணெய் பாக்கெட் சரம் ஒன்றை நாற்காலிக் கையில் மாட்டிவிட்டுப் போனார். சுலோச்சனா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கொத்தை ரெண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள், விரலை மூக்கில் வைத்து முகர்ந்தாள், பிறகு நாங்கள் ரெண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டிராத ஒரு அழுகை அவளுக்குள்ளிருந்து வந்தது.

"இத்தினி நாளா என் தலைக்குத்தான்டி எண்ணெ வெச்சுகினு இருந்தேன். எம்புள்ள அடீல காய்ஞ்சு கெடந்துருக்குது. ஒரு சொட்டு அதுக்குப் போவலியேடி. நான் தூங்கிகினு இருந்தேனே."

உண்மைதான் அது. அத்தனை கரிசனமும் மேலேயே நின்றுவிட்டது, தாயின் அடர்த்தியைத் தாண்டி மகளின் வேருக்கு இறங்கவே இல்லை. எங்கேயோ ஒரு ஷெட்டில், சிக்குப் பிடித்த தலையோடு, மண்டை குடைய, ஒரு பெண் இத்தனை மாதமும் தூங்காமல் கிடந்திருக்கிறாள். கிரிஜா வெந்தயத்தை அரைத்துக்கொண்டு வந்தாள், வேப்பிலை வந்தது, பேன்சீப்பு வந்தது. அங்கேயே, சலூன் வாசலில், மழித்த தலையில் வெயில் அடிக்க உட்கார்ந்து சுலோச்சனா அந்த விரலகலக் கொத்தைச் சிக்கெடுத்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. இழுத்தால் அங்கே வலிக்கும் என்று ஒவ்வொரு முடியாக எடுத்தாள்.

இது நடந்து ஒரு மழைக்காலம் போய் இன்னொன்று வந்துவிட்டது. தலையில் முள்ளு முள்ளாகக் குத்த ஆரம்பித்ததும் சுலோச்சனா படியிறங்கிப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வருகிறாள், தன் முடி வளர்ந்து மறுபடியும் மகள் முடியை மூடிவிடக் கூடாது என்று. தட்சிணாமூர்த்தி இப்போது தயங்குவதில்லை, கூலியும் வாங்குவதில்லை. வேலைக்குப் போகிற வீடுகளில் ஒன்றிரண்டு பேர் மொட்டைத் தலையோடு காலையில் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். டப்பாவின் கொத்து நீளவில்லை. வளர வளர அங்கே யாரோ அறுத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. ஆனால் பேன் போய்விட்டது, செம்பட்டை கொஞ்சம் குறைந்திருக்கிறது, தொட்டால் நார் மாதிரி இல்லை.

சுலோச்சனாவுக்குத்தான் தூக்கம் அடியோடு போய்விட்டது. படுத்தாலும் உட்கார்ந்தாலும் கண் மூடுவதில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டி, பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்று கிரிஜா கூப்பிட்டால் வேண்டாம் என்கிறாள். டப்பாவுக்கு எண்ணெய் வைத்து வாரி முடித்ததும், "தூங்கிட்டாடி" என்று கிரிஜாவிடம் மெதுவாகச் சொல்கிறாள், சத்தம் போடாதே என்பது மாதிரி. வராண்டாவில் நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறோம். குழந்தைகள் ஓடினால் அதட்டி உட்கார வைக்கிறோம். தேன்மொழி இன்னும் வரவில்லை.